முப்பது பேருக்கு ஒரு தகடு

துணி உலர்த்த மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பானையைப் பார்த்திருக்கிறேன். கழுத்துவரை தண்ணீர், மேலே ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த டம்ளர். பதினோரு பெண்கள் குடியிருக்கும் மாடியில், அக்னி நட்சத்திர வெயிலில், ஒரு பானைத் தண்ணீர் நாள் முழுக்கக் கழுத்துவரை நிற்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். செய்தித்தாளில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தக் காரணத்தைக் கேட்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஒரு சொல்தாவின் மனைவி. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கணவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மகன் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அந்த அம்மாள் மதாம். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு இரண்டு அறை கட்டியிருந்தார். அதைத்தான் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனி தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, பொங்கல் முடிந்த வாரத்தில் அந்தப் பதினோரு பேரைக் கொண்டுவந்து இறக்கியது.

எல்லோரும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வரும் புரோக்கர் ஒருவர் மூலம் வந்தவர்கள். பெரும்பாலோருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஒருத்திக்கு மட்டும் முப்பது இருக்கும். கணவன் விட்டுப்போனவள். எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, காலையில் வேனில் ஏறும்போது தலை எண்ணுகிறவளும் அவள்தான். அவளைத் திருக்கோவிலூர் அக்கா என்றார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். எட்டாவது படித்தவள், ஒல்லி, அதிகம் பேசாதவள். அவளை மலைக்காரி என்று கூப்பிட்டார்கள். நான் அவர்களுக்குப் பேப்பரம்மா.

ஞாயிற்றுக்கிழமைதான் மாடியில் குரல் கேட்கும். மே மாதத்தில் அப்படி ஒரு ஞாயிறு, எல்லோரும் தலை குளித்து முடியை உதறிக்கொண்டிருந்தபோது பானையைக் காட்டிக் கேட்டேன்.

"யாருமே தண்ணி குடிக்க மாட்டீங்களா?"

சிரித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள்.

"குடிச்சா போவணும் இல்ல பேப்பரம்மா," என்றாள் திருக்கோவிலூர் அக்கா.

"போக வேண்டியதுதானே?"

"தாலி வேணுமே."

மறுபடி சிரிப்பு. எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். கம்பெனியில் ஒரு லைனுக்கு முப்பது மிஷின். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தகரத் தகடு. சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம், சிவப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் லைன் நம்பர் எழுதி, நைலான் கயிறு கோத்தது. சூப்பர்வைசர் மேஜையில் அடித்த ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கழிப்பறை வாசலில் காவலுக்கு ஒரு பெண். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைப் பார்ப்பாள். தகடு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். போனவள் திரும்பி வந்து தகட்டை மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும்.

"நாலாம் லைன்ல முப்பது பேருக்கு ஒரே தாலி," என்றாள் ஒரு சின்னப்பெண். "எங்கடி தாலின்னு கேட்டா, மூணாம் மிஷின்காரி கட்டிக்கினு போனா, இன்னும் வாழ்ந்துகினு இருக்கான்னு சொல்லுவோம்."

"வாழ்ந்துட்டு வர்றதுக்கு எவ்ளோ நேரம்?"

"சூப்பர்வைசரு வாட்சப் பாத்துகினே இருப்பாரு. நேரமாச்சுன்னா, இன்னாம்மா, புருசன் வீடு சொகமா இருந்துச்சான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேப்பாரு."

"சாப்பாட்டு நேரத்துல?"

"அப்ப தகடு வேணாம். ஆனா கம்பெனி மொத்தத்துக்கும் நாலு கக்கூஸு. வரிசையில நின்னா சோறு இல்ல, சோறு தின்னா வரிசை இல்ல."

மாதவிலக்கு நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. "ரெண்டு பாவாடை கட்டிக்கினு போவோம்," என்றாள் மலைக்காரி. அவள் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அவர்கள் தைத்த சட்டைகளைப் பற்றியும் அன்று சொன்னார்கள். ஒவ்வொரு சட்டையையும் விளக்குக்கு அடியில் பிடித்து, உள்ளே வெளியே திருப்பிப் பார்க்க ஆள் உண்டு. ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டை திரும்பி வரும். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்த பெண் மதியம்வரை எழுந்தாளா என்று பார்க்க மட்டும் அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை.

மறுநாள் அதை எழுதி ஆசிரியர் மேஜையில் வைத்தேன். அவர் முழுதும் படித்தார். கெட்ட மனிதர் அல்ல. "காலையில காபி குடிச்சுக்கிட்டே படிக்கிற பேப்பர்மா இது. கக்கூஸ் எதுக்கு?" என்றார். பிறகு, தொழில் தெரிந்தவர் என்பதால், சரியான கேள்வியையும் கேட்டார். "ஆதாரம்? புகார் கொடுத்திருக்காங்களா? காகிதம் ஏதாவது?" இல்லை. அந்தப் பெண்களுக்கு வேலையில் சேர்ந்ததற்கான கடிதமே கிடையாது. இரண்டு தாளையும் மடித்து என் பைக்குள் வைத்தேன்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், வேன் வந்து நின்றபோது தலை ஒன்று குறைந்தது. திருக்கோவிலூர் அக்கா செருப்பைக்கூட மாற்றாமல் நேராக என் வாசலுக்கு வந்தாள்.

மலைக்காரி கம்பெனியில் மயங்கி விழுந்துவிட்டாள். சில நாட்களாகவே குளிர் காய்ச்சல் இருந்திருக்கிறது, இடுப்பில் வலி, சிறுநீர் போனால் எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் மதியத்துக்கு மேல் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பும் வழியில், தன் லைனுக்கு நான்கடி தள்ளி விழுந்தாள். கம்பெனி வேனில் தூக்கிப்போட்டு ஊருக்குள் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தகடு அவள் கழுத்திலேயே போய்விட்டது.

"நேத்து வேன்ல வரும்போதே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நேத்து அவளப் பத்திதான் கவலப்பட்டோம். இன்னிக்குத்தான் எங்களப் பத்தித் தெரிஞ்சுது."

காலையில் மேஜையில் தகடு இல்லை. யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றிருக்கிறார் சூப்பர்வைசர். நாலாம் லைன்காரி கொண்டுபோன தகட்டை நாலாம் லைன்தான் கொண்டுவர வேண்டும். வேறு தகடு தர முடியாதா என்று திருக்கோவிலூர் அக்கா கேட்டாள். இன்று ஒன்று கொடுத்தால் நாளைக்கு ஆளுக்கொன்று கேட்பீர்கள் என்றாராம். மதியம் மூன்று மணிக்கு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். வெட்டுத்துணி எடுத்து ஸ்டூலைத் துடைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து தைத்தாள். பக்கத்து மிஷின்காரிகள் தலை நிமிரவில்லை. தாங்கள் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக.

அது ஒரு விபத்து அல்ல. ஒரு மேஜை, ஒரு ஆணி, ஒரு கயிறு, ஒரு விதி என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

"ஆஸ்பத்திரியில பாக்க வுடற நேரத்துல நாங்க லைன்ல இருப்போம்," என்றாள். "நீங்க போயி தகட்ட வாங்கிக்கினு வாங்க. லைன்ல எல்லாம் அவள ஏசறாளுங்க."

இன்னொன்றும் சொன்னாள். காலையில் வருகை எடுத்தபோது சூப்பர்வைசர் மலைக்காரியின் பெயரைப் படித்து, "ரெண்டு நாளா லீவு" என்றாராம். இரண்டு நாள். அதாவது, பதிவேட்டின்படி, விழுந்த அன்றும் அவள் வரவில்லை.

அடுத்த நாள் போனேன். பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ். முகம் வற்றிப் போயிருந்தது. சிறுநீரகத்தில் தொற்று, வெகுநாள் அடக்கி அடக்கி வந்தது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க," என்றார். சொல்கிறேன் என்றேன்.

தகட்டைக் கேட்டதும் அவள் டிரிப்ஸ் இல்லாத கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"தரமாட்டேன்."

"அங்க முப்பது பேரு..."

"தெரியும். நானும் அந்த லைன்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "என்னக் கொண்டாந்து சேத்தாரே ஒரு ஆளு, அவரு சீட்டு போடற எடத்துல இன்னா சொன்னாரு தெரியுமா? ரூம்ல வுழுந்துட்டா, பாவம்னு கொண்டாந்தோம்னு சொன்னாரு. எனக்குக் காய்ச்சல்தான், காது நல்லாத்தான் கேட்டுது."

சேர்க்கைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

அவள் யோசித்து வைத்திருந்தாள். கம்பெனியில் சேர்ந்ததற்குக் காகிதம் இல்லை. காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி ஆறு மாதம் ஆகப்போகிறது. வேலை நேரத்தில் விழுந்தாள் என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் அட்டை எங்கே என்ற கேள்வி வரும். அதனால் அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்கிறார்கள். அறையில் விழுந்த ஆளை, உடம்புக்கு ஆகாதவள் என்று புரோக்கர் மலைக்கு அனுப்பிவிடுவார். மலையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இங்கே வந்து காட்ட முடியாது. படுக்க ஒரு இடமும், தீரும்வரை மாத்திரையும் இதே ஊரில் வேண்டும் அவளுக்கு. அதற்கு அன்று லைனில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். காட்ட அவளிடம் இருந்த ஒரே பொருள் தலையணைக்கு அடியில் இருந்தது.

"இத குடுத்துட்டா, நான் அங்க இருந்தேன்னு யாரு சொல்லுவா?"

ஆசிரியர் கேட்ட அதே கேள்வி. இந்தப் பெண்ணிடம் பதில் இருந்தது. அதை என்னால் வாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அது என்னுடைய யோசனை என்பதைச் சொல்லிவிடுவது நல்லது, பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம். தகடுதானே வேண்டும், இன்னொன்று செய்துவிடலாம்.

மதாமிடம் ஏதாவது பழைய தகர மூடி இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு வட்ட டப்பாவை இறக்கினார். மகன் போன கிறிஸ்துமசுக்கு அனுப்பிய பிஸ்கட் டப்பா. நீலமும் தங்கமுமாகப் படம் போட்டது.

"மூடிய மட்டும் எடுத்துக்கோ. டப்பா என் பொத்தானுக்கு வேணும்," என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "மொந்தியே! கடவுளே, கோழிக்குக்கூட இப்படி யாரும் செய்ய மாட்டாங்க," என்றார். உடனே, "ஆனா மேல இருக்கறதுங்க குழாய ஒழுங்கா மூடறதில்ல, அதையும் சொல்லிடு," என்றும் சொன்னார்.

விழுப்புரம் சாலையில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் கடை ஒன்று இருந்தது. மூடியைச் சிவப்படித்து வெள்ளையில் நான்கு போடச் சொன்னேன்.

"எந்த வண்டிக்குக்கா?"

"வண்டிக்கு இல்ல. ஒரு கம்பெனியில பொண்ணுங்க பாத்ரூம் போக."

பிரஷ்ஷோடு நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குமா நம்பர் பிளேட்டு? லைசென்சும் கேப்பாங்களா?" என்றார். ஆனால் நன்றாக எழுதிக் கொடுத்தார். ஓரத்தில் ஆணியடித்து ஓட்டையும் போட்டுத் தந்தார்.

ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று சொல்லித் திருக்கோவிலூர் அக்கா அதைக் கொண்டுபோய் மேஜையில் மாட்டினாள். சூப்பர்வைசர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். அன்று வேன் வந்தபோது மாடிப்படியில் சிரிப்பு கேட்டது. "புதுத் தாலி பளபளன்னு கீது பேப்பரம்மா," என்று ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள். நான் என் சாமர்த்தியத்தை நினைத்து மகிழ்ந்துபோயிருந்தேன்.

பிறகு, தகடு அவளிடம் இருப்பதையும் சேர்த்து, மலைக்காரியின் பெயரில் ஒரு மனு எழுதினேன். அவள் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் நான் எழுதியிருந்த நேரத்தைத் திருத்தி, கையெழுத்துப் போட்டாள். அதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தேன். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. நடுவில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். மாடிக்கு வந்து படுத்தாள். இரண்டாம் நாளே புரோக்கர் ஆட்டோவோடு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு.

"ஊர்ல அப்பா அம்மா பாக்கணும்னு துடிக்கறாங்கம்மா. ரூமு வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான். கம்பெனி ரூல்ஸு."

மதாம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மாடிப்படியின் கீழே நின்றுகொண்டார். அந்தப் பெண்கள்மேல் அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் தன் வீட்டில் இன்னொருவர் விதி பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"இது யாரு வீடு மிசியே?"

"உங்க வீடுதாம்மா, ஆனா வாடகை கம்பெனி..."

"மாசக் கடைசி வரைக்கும் வாங்கிட்டேன். பதினோரு பேருக்குன்னு கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தாங்க. பதினொண்ணு இருக்கணும். ஒண்ணு கொறஞ்சா நான் எழுதிக் கேப்பேன். போயிட்டு வாங்க, ஒர்வுவார்."

ஆட்டோ திரும்பிப் போனது.

விசாரணைக்கு மலைக்காரியை நான்தான் கூட்டிப்போனேன். அவளால் தனியாகப் படி ஏற முடியாது என்பதால், திருக்கோவிலூர் அக்கா வயிற்றுவலி என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். கம்பெனி ஆட்கள் கண்ணில் பட வேண்டாம் என்று அக்காவை வராந்தா பெஞ்சிலேயே உட்கார வைத்தோம். சாட்சி சொல்லச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நானும் மலைக்காரியும் முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். அவளுக்கு வேலை போனால் ஊரில் இரண்டு பிள்ளைகள்.

அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசினார். கம்பெனி மேனேஜர் தோல்பையோடு வந்திருந்தார். வருகைப் பதிவேட்டின் நகலைக் காட்டினார். அன்று விடுப்பு. சேர்க்கைச் சீட்டைக் காட்டினார். அறையில் விழுந்தாள். அப்புறம் அதிகாரி மலைக்காரியைப் பார்த்தார். அவள் துணிப்பையிலிருந்து தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விழுந்ததைச் சொன்னாள்.

மேனேஜர் கோபப்படவே இல்லை. தோல்பையைத் திறந்து, சிவப்புத் தகடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெள்ளையில் நான்கு.

"நாலாம் லைன் டோக்கன் இதுதான் சார். என்னிக்கும் தொலையல. இது எங்க மேஜையிலதான் தொங்குது. அந்தப் பொண்ணு வெச்சிருக்கறது யாரோ செஞ்சு குடுத்தது." என்னைப் பார்க்காமல் சொன்னார். "பேப்பர்காரங்க ஒத்தாசை இருந்தா தகடு செய்யறது பெரிய விஷயமா?"

இரண்டு தகடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதியதுதான் உண்மையானதுபோல இருந்தது. எழுத்து நேராக, பெயிண்ட் பளபளப்பாக. மலைக்காரியுடையது துருவேறி, விளிம்பு நெளிந்து, யாரோ வீட்டில் செய்ததுபோல இருந்தது. நான் செய்த தகடு அவளுடைய தகட்டைப் பொய்யாக்கிவிட்டது. மலைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை அல்ல. இப்போது என்ன செய்வது என்று கேட்கும் பார்வை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அதைச் செய்தவள் நான் என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஒன்றைச் செய்தவள் இரண்டையும் செய்திருப்பாள் என்பார் மேனேஜர். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி. அந்தக் கணக்கில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. வராந்தாவில் எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

திருக்கோவிலூர் அக்கா உள்ளே வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள்.

"சார், நானும் நாலாம் லைன்தான். பதினேழாம் மிஷினு. அந்தப் புதுசு நாங்க செஞ்சது. நான்தான் கொண்டுபோயி மாட்டுனேன். இவளுது இல்லாம நாங்க ரெண்டு நாளு அடக்கிக்கினு இருந்தோம், அதுக்காவ செஞ்சோம்."

மேனேஜர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "நீ இன்னிக்கு லீவுல இல்ல இருக்கற? வயித்து வலின்னு?"

"ஆமாங்க. வயித்து வலிதான்," என்றாள் அவள். "இத்தன மாசமா."

"செஞ்சதுன்னா எதுல செஞ்சீங்க?" என்றார் அதிகாரி.

"பிஸ்கட் டப்பா மூடிங்க. சொரண்டிப் பாருங்க."

அதிகாரி மேஜை இழுப்பறையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். புதிய தகட்டைக் கையில் எடுத்து, நான்கு என்ற எண்ணுக்கு மேலே சுரண்டினார். சிவப்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் நீலம் வந்தது. பிறகு தங்கக் கோடு. பிறகு எழுத்துகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். இந்த ஊரில் அந்த வயதுக்காரர்களுக்குப் பிரெஞ்சு படிக்க வரும்.

"பியூர் பெர்," என்றார். "சுத்த வெண்ணெய்." மேனேஜரைப் பார்த்தார். "நீங்க சட்டைதானே தைக்கறீங்க? வெண்ணெய் பிஸ்கட்டும் உண்டா?"

மலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேனேஜர் பேச்சு மாறியது. பதிவேட்டில் தவறு நடந்திருக்கலாம் என்றார். கீழே இருப்பவர்கள் கவனக்குறைவு என்றார். அன்று அவள் வேலைக்கு வந்திருந்தாள் என்று அதிகாரி எழுதினார். குணமாகும்வரை அறையும் சிகிச்சையும் கம்பெனி பொறுப்பு என்று எழுத்தில் வாங்கினார். மாடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் காப்பீட்டு அட்டை எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். மலைக்காரியின் பெயர், அந்தக் கம்பெனியின் தொழிலாளி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டு அவள் கைக்கு வந்த முதல் காகிதம் அதுதான். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் காலை வேன் வந்தது. திருக்கோவிலூர் அக்கா படியில் கால் வைத்தபோது, உன்னை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார் டிரைவர். அவ்வளவுதான். சேர்த்ததற்குக் காகிதம் இல்லாததால் நீக்கியதற்கும் காகிதம் இல்லை. அதிகாரியிடம் ஓடினேன். மேனேஜர் வாயால் சொன்னது பதிவில் இல்லை, அந்த அம்மா அங்கே வேலை பார்த்ததற்கு ஏதாவது காட்டுங்கள் என்றார் வருத்தத்தோடு. அவளிடம் ஒரு தகடுகூட இல்லை.

எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன், இந்தமுறை ஆதாரத்தோடு. மாவட்டச் செய்திகளில் நான்கு வரி வந்தது. தலைப்பு: "தையல் கம்பெனி தகராறு சுமுகம்". கழிப்பறை என்ற சொல் எங்கேயும் இல்லை. சுமுகம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எந்தச் செய்தியிலும் எழுதியதில்லை.

தகடு போய்விட்டதா என்று கேட்பார்கள். ஜூலையில் கம்பெனி எல்லா லைனுக்கும் புதுத் தகடு போட்டது. கனமான பிளாஸ்டிக், கம்பெனி முத்திரை, பின்னால் வரிசை எண். யாரும் இன்னொன்று செய்துவிட முடியாதபடி. அவர்கள் அந்த விவகாரத்திலிருந்து கற்றுக்கொண்டது அது.

திருக்கோவிலூர் அக்கா ஊருக்குப் போன அன்று நானும் மலைக்காரியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மலைக்காரி அவளுடைய பையைத் தூக்கவிடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். இடுப்பை வளைக்காதே என்று அக்கா திட்டினாள். மதாம் பொத்தான் டப்பாவுக்கு மூடி இல்லாமல் எறும்பு வருகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளைகளுக்கு.

என்னால் உங்களுக்கு வேலை போயிற்று என்றேன். அக்கா கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினாள். மலைக்காரிக்குத்தான் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நிறுத்தாமல் குடித்தாள். பாதி போயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் குடித்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது.

"அக்கா, பஸ்ஸு ரெண்டு மணி நேரம் ஓடும்," என்றாள் மலைக்காரி.

"ஓடட்டும்," என்றாள் அவள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "வந்தா நிறுத்தச் சொல்லுவேன். கண்டக்டரு என் கழுத்தப் பாக்க மாட்டான் இல்ல?"